மாமாவின் பேட்டரி நோட்டு

எங்கள் வீட்டில் பேட்டரியால் ஓடும் சாமான்களை ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் மூன்று, டி.வி. ரிமோட், செட்டாப் பாக்ஸ் ரிமோட், ஏ.சி. ரிமோட், கம்ப்யூட்டர் மவுஸ், பி.பி. பார்க்கும் மெஷின், சமையலறைத் தராசு, இரண்டு டார்ச், ஒரு ரேடியோ, குளியலறையில் இருக்கும் கேஸ் கீசர். எல்லாவற்றுக்குள்ளும் சேர்த்து இருபத்துநான்கு செல்கள். இருபத்துநான்கு பேர் சத்தமில்லாமல் நம் வீட்டில் வேலை பார்க்கிறார்கள், அதில் ஒருவர் படுத்தால்தான் அவர் இருந்ததே நமக்குத் தெரிகிறது.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு வந்தது மாமாவிடமிருந்து. மாமா என்றால் என் மாமனார். புதுச்சேரியில் ஒரு மில்லில் நைட் ஷிஃப்ட்டாகவே பாதி ஆயுளைக் கழித்தவர். முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிளில் போய்வருவார். கையில் மூன்று கட்டை போடும் நீள டார்ச் ஒன்று எப்போதும் இருக்கும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் மொட்டை மாடியில் வடகம் காயும் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய முறத்தில் பேட்டரிக் கட்டைகளும் வரிசையாகக் காயும். ‘வெயில்ல வெச்சா இன்னும் ரெண்டு நாள் வரும்மா’ என்பார். நம்மில் பல வீடுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

அதில் உண்மையும் உண்டு. சாதாரணக் கட்டைக்குள் நடப்பது ஒரு ரசாயன வினை. வெளியே இருக்கும் துத்தநாகக் கூடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மின்சாரம் தருகிறது. சூடு ஏறினால் வினை வேகமாகும், உள்தடை குறையும். அதனால் சாகப் போகிற கட்டை கொஞ்சம் தெம்பாக எரியும். ஆனால், வெயிலால் அதற்குள் புதிதாக எதுவும் சேர்வதில்லை. மிச்சமிருந்ததை வழித்துத் தருகிறது, அவ்வளவுதான். அடிமாவைச் சுரண்டி இன்னொரு தோசை ஊற்றுகிற மாதிரி. கரைந்த கூடு ஓட்டையானால் உள்ளே இருப்பது கசிந்து டார்ச்சையே அரித்துவிடும்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குபவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவர் பேட்டரிக் கட்டையை ‘பீல்’ என்பார். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அடுக்கு என்று அர்த்தம். 1800-ல் இத்தாலிக்காரர் வோல்ட்டா, உலோக வட்டுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டையையும் மாற்றி மாற்றி அடுக்கி முதல் பேட்டரியைச் செய்தார். அந்த அடுக்கின் பெயர்தான் இன்றும் பிரெஞ்சுக்காரர்களின் வாயில் இருக்கிறது.

‘உங்க டார்ச்சே எங்க ஆளு கண்டுபிடிச்சதுதான் முசியே’ என்று மாமாவை அவர் சீண்டுவார். அது வெறும் ஜம்பம் இல்லை. 1866-ல் ஜார்ஜ் லெக்லாஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் துத்தநாகம், மாங்கனீசு டை ஆக்சைடு, நவச்சாரக் கரைசல் ஆகியவற்றை வைத்து ஒரு பேட்டரி செய்தார். அதை உலர்வாக்கி அடைத்ததுதான் பின்னாளில் வந்த டார்ச் கட்டை. நவச்சாரம் என்றால் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் போடுவாரே, அதேதான். அதற்கு ஏழு வருடம் முன்னால், 1859-ல், காஸ்தோன் பிளாந்தே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், தீர்ந்தபின் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய ஈய-அமில பேட்டரியைச் செய்துவிட்டார். இன்று நம் வீட்டு இன்வெர்ட்டருக்குக் கீழே கிடக்கும் கனத்த பெட்டி அதன் வம்சம்தான். இதெல்லாம் நடந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆக, தூக்கி எறிகிற பேட்டரி, திரும்பச் சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி இரண்டுக்கும் பூர்வீகம் ஒரே நாடு. மாமாவுக்கு இது பெரிய ஆச்சரியம். ‘ரெண்டாவது ஆள்தான்மா கெட்டிக்காரன்’ என்பார்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடியற்காலை. ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. பொழுது விடிந்து பார்த்தால் தெருவில் மரங்கள்தான் தெரிகின்றன, தெரு தெரியவில்லை. மின்கம்பங்கள் வளைந்து கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஐந்து நாளானது. கடலூர்ப் பக்கக் கிராமங்களில் அதைவிட எத்தனையோ மடங்கு கஷ்டப்பட்டார்கள். அதோடு பார்த்தால் எங்கள் பாடு பாடே இல்லை.

ஆனாலும் அந்த மூன்றாம் ராத்திரியை நான் மறக்க மாட்டேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. நல்ல காய்ச்சல். சிரப் பாட்டிலோடு வரும் சின்ன மூடியில் மில்லி கணக்குக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டைப் பார்க்க வெளிச்சம் இல்லை. கடைகளில் மெழுகுவத்தியும் தீர்ந்துபோனது, கட்டையும் தீர்ந்துபோனது. மாமாவின் டார்ச் ஆரஞ்சுப் பழ நிறத்தில் ஒரு புள்ளியாக எரிகிறது. அத்தை தீக்குச்சியைக் கிழித்துக் கிழித்துக் காட்ட, ஒவ்வொரு குச்சியும் அணைவதற்குள் நான் ஊற்றிப் பார்த்து, குழந்தையின் வாயில் விட்டேன். ஒரு தாய்க்குத் தெரியும், அந்த மூன்று நிமிஷம் எவ்வளவு நீளம் என்று.

அடுத்த வருடம் பாரீஸிலிருந்து வந்த நாத்தனார், சென்ட் பாட்டிலோடு ஒரு சார்ஜரும் டபுள் ஏ அளவில் நான்கு ரீசார்ஜ் பேட்டரியும் கொண்டுவந்தார். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், இங்கும் அதேதான். இரண்டு உருண்டைக் குச்சி பிளக் நம் சாக்கெட்டில் அப்படியே சேர்ந்தது. மாமா அந்த நான்கையும் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றிலும் 1, 2, 3, 4 என்று நம்பர் போட்டார். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, ‘பேட்டரி’ என்று தலைப்பு எழுதினார். மில்லில் எந்தத் தறிக்கு என்று எண்ணெய் போட்டோம் என்று எழுதிவைத்துப் பழகிய கை அது.

அந்த நோட்டிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் விஷயம், வோல்ட். சாதாரண செல்லில் 1.5 வோல்ட் என்று போட்டிருக்கும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு எனப்படும் ரீசார்ஜ் செல்லில் 1.2 என்றுதான் போட்டிருக்கும். ‘இது குறைச்சலாச்சே, வேலை செய்யுமா?’ என்று அத்தை கேட்டார். சாதாரண செல் 1.5-ல் ஆரம்பித்து, எரிய எரியப் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். பாதி தீர்வதற்குள்ளேயே 1.2 பக்கம் வந்துவிடும். ரீசார்ஜ் செல்லோ கிட்டத்தட்ட கடைசி வரை 1.2-லேயே நிற்கும், பிறகு சட்டென்று விழும். ஒருவர் மாதம் முதல் தேதி தாம்தூமென்று செலவழித்து இருபதாம் தேதி இழுத்துப் பிடிப்பவர். இன்னொருவர் முப்பது நாளும் ஒரே சீராகச் செலவு செய்பவர். அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் டார்ச், பொம்மை, கேமரா, மவுஸ் போன்றவற்றில் ரீசார்ஜ் செல் நன்றாகவே ஓடும். ஒன்றிரண்டு கருவிகள் மட்டும் 1.2-ஐப் பார்த்ததும் பேட்டரி தீர்ந்துவிட்டதாக அடையாளம் காட்டும். பி.பி. மெஷின் மாதிரியானவற்றுக்கு, கூடவே வரும் கையேட்டில் எந்த வகை செல் போடலாம் என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது. எங்கள் மெஷினில் போடலாம் என்று இருந்தது.

இரண்டாவது, எம்.ஏ.ஹெச். என்ற எண். செல்லுக்குள் எவ்வளவு கொள்ளும் என்று சொல்வது அது. குடத்தின் கொள்ளளவு மாதிரி. டபுள் ஏ செல்லில் 2000 என்பது நல்ல அளவு, அதிகம் போனால் 2500-லிருந்து 2800 வரை வரும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒருமுறை 5000 என்று அச்சடித்த செல்லை மலிவாகக் கூறுகட்டி விற்றார்கள். மாமா அதை ஒரு கையிலும் எங்கள் 2000 செல்லை இன்னொரு கையிலும் வைத்துத் தூக்கிப் பார்த்தார். ‘நம்மளது கனமா இருக்கு, இது தக்கையா இருக்கு’ என்று திரும்ப வைத்துவிட்டார். அரை படி செம்பில் இரண்டு படி பால் இருக்கிறது என்று எழுதி ஒட்டினால் பால் வந்துவிடுமா?

மூன்றாவது, சார்ஜ் ஏற்றும் நேரம். இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். சார்ஜரின் பின்பக்கத்தில் எத்தனை மில்லி ஆம்பியர் தருகிறது என்று போட்டிருக்கும். 2000 செல்லுக்கு 200 மில்லி ஆம்பியர் தரும் பழைய வகை சார்ஜர் என்றால், பத்து மணி நேரம் என்று தோன்றும். ஆனால், கொஞ்சம் சூடாக வீணாகும் என்பதால் பதினான்கு முதல் பதினாறு மணி நேரம் வைக்க வேண்டும். அது தானாக நிற்காது, நாம்தான் எடுக்க வேண்டும். இப்போது வரும் நல்ல சார்ஜர்கள் செல் நிறைந்ததை அதன் வோல்ட் லேசாகச் சரிவதை வைத்துக் கண்டுபிடித்துத் தாமே நிறுத்திக்கொள்ளும். நான்கு செல்லுக்கும் நான்கு தனித்தனி விளக்கு எரியும் சார்ஜராகப் பார்த்து வாங்குவது நல்லது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும். இரண்டிரண்டாகச் சேர்த்து ஏற்றும் மலிவு சார்ஜரில், ஒன்று வயிறு நிறைந்து திணறும்போது இன்னொன்று பசியோடு இருக்கும்.

சார்ஜ் ஏறும் கடைசிக் கட்டத்தில் செல் வெதுவெதுப்பாவது சகஜம். கையில் வைக்க முடியாத சூடு என்றால் எடுத்துவிட வேண்டும். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் மதியம் அறையே அடுப்பு மாதிரி இருக்கும்போது சார்ஜ் போடுவதில்லை என்பது மாமாவின் சட்டம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து போடுவார். சூடுதான் இந்த செல்லின் ஆயுளைக் குறைக்கிற முதல் எதிரி. இன்னொரு சட்டம், ரீசார்ஜ் என்று எழுதாத சாதாரண செல்லை எந்தக் காரணத்துக்காகவும் சார்ஜரில் வைக்கக் கூடாது. உள்ளே வாயு சேர்ந்து கசியும், வெடிக்கவும் கூடும்.

நான்காவது, கூட்டு. நான்கு செல் போடும் கருவியில் நான்கும் ஒரே வயது, ஒரே கம்பெனி, ஒரே அளவாக இருக்க வேண்டும். பல்லக்குத் தூக்குகிற நான்கு பேரில் ஒருவர் நோஞ்சானாக இருந்தால் மற்ற மூவரும் அவரையும் சேர்த்து இழுப்பார்கள். முதலில் தீர்ந்துபோன செல்லுக்குள் மற்றவற்றின் மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும். நம்பர் போட்டதற்குக் காரணம் இதுதான். 1 முதல் 4 வரை ஒரு குடும்பம், 5 முதல் 8 வரை இன்னொரு குடும்பம். பெண் கொடுத்துப் பெண் எடுப்பதெல்லாம் கிடையாது.

ஐந்தாவது, எதில் போடக் கூடாது என்பது. சுவர்க் கடிகாரமும் ரிமோட்டும் சாப்பிடுவது கொஞ்சமே கொஞ்சம். பத்துப் பதினைந்து ரூபாய் செல் ஒன்று கடிகாரத்தில் ஒரு வருடத்துக்கு மேலும் ஓடும். அங்கே விலை கூடிய ரீசார்ஜ் செல்லைப் போடுவது, கொத்தமல்லி வாங்கிவர லாரி பிடிப்பது போல. அடிக்கடி தீர்கிற இடத்தில்தான் ரீசார்ஜ் செல்லுக்கு மரியாதை.

எங்கள் மகள் குழந்தையாக இருந்தபோது பாட்டுப் பாடி ஓடும் ரயில் ஒன்று மூன்று நாளைக்கு ஒருமுறை செல் கேட்டது. அந்த ரயிலே எங்களுக்கு முதல் போட்ட காசைத் திருப்பித் தந்துவிட்டது. கரண்ட் செலவு? ஒரு செல்லில் அடங்குவது 2 ஆம்பியர் மணி, 1.2 வோல்ட். பெருக்கினால் 2.4 வாட் மணி. நான்குக்கும் சேர்த்து 9.6. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து தாராளமாக இருபது என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு யூனிட்டில் ஐம்பது முறை நான்கு செல்லையும் நிரப்பலாம்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நம் உப்புக்காற்றுக்கு டார்ச்சின் ஸ்பிரிங்கும் தகடும் சீக்கிரம் பூத்துவிடும். ‘பேட்டரி போச்சு’ என்று நாம் தூக்கி எறிகிற பல நேரங்களில் போனது பேட்டரி இல்லை, அந்தத் தகடு. பள்ளிக்கூட ரப்பரால் நாலு தேய்ப்பு தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் பஞ்சில் ஒரு துளி எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். கசிந்தது காரத்தன்மை உள்ளது என்பதால் புளிப்பு அதை அடக்கும். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒரு கேள்வி வரும். புயலில் கரண்டே இல்லாதபோது ரீசார்ஜ் பேட்டரியால் என்ன பயன்? தீர்ந்தால் எதில் சார்ஜ் போடுவது? எதிர்வீட்டு சொல்தா தாத்தா இதைத்தான் கேட்டார். மாமா மாடியைக் காட்டினார். ‘வடகம் எப்பப் போடறோம்? மழையிலயா? வெயில் இருக்கும்போதுதானே. சாப்பிடறது மழையில. இதுவும் அப்படித்தான்.’

பழைய வகை ரீசார்ஜ் செல்லில் ஒரு குறை இருந்தது. சார்ஜ் ஏற்றி டிராயரில் வைத்தால் சில மாதங்களில் தானாகவே வடிந்துவிடும். அவசரத்துக்கு எடுத்தால் காலி. 2005-ல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் ‘எனலூப்’ என்ற பெயரில், ஒரு வருடம் சும்மா வைத்திருந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் உள்ளேயே நிற்கிற செல்லைக் கொண்டுவந்தது. பிறகு மற்ற கம்பெனிகளும் அந்த வகையைச் செய்ய ஆரம்பித்தன. அட்டையில் முன்பே சார்ஜ் செய்யப்பட்டது என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். எங்கள் வீட்டில் ஐப்பசி பிறந்ததும் எட்டு செல்லை முழுசாக நிரப்பி, மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துவிடுவோம். உலோக டப்பா வேண்டாம், சாவிக்கொத்தோடு போட்டும் வைக்க வேண்டாம், முனைகள் தொட்டுக்கொண்டால் சூடேறும். அதோடு பிரிக்காத ஆல்கலைன் பாக்கெட் ஒன்றும் இருக்கும். அது தீராமல் பல வருடம் கிடக்கும். தேதி மட்டும் பார்த்து மாற்ற வேண்டும். ரீசார்ஜ் வாங்கிவிட்டோம் என்பதற்காக அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஊறுகாய் இருப்பதால் உப்பு வேண்டாம் என்றாகிவிடாது.

இந்த டப்பாவைத் திறக்க வேண்டிய நாள் 2024-ல் வந்தது.

நவம்பர் 30, சனிக்கிழமை. ‘ஃபெஞ்சல்’ புயல் ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. ஏறியது நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. காற்றைவிட மழைதான். இருபத்துநான்கு மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதற்கு முன் இங்கே பெரிய மழை என்று சொல்லப்பட்டது 2004 அக்டோபரில் பெய்த 21 சென்டிமீட்டர். கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். ராணுவம் படகோடு வந்து மக்களை வெளியே எடுத்தது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. ஞாயிறு இரவு வரைக்கும் போன்களும் ஒவ்வொன்றாகச் செத்தன.

அன்றைக்கு இரவு ஒன்பது மணி இருக்கும். மாமாவுக்கு ரசம் சாதம் கொண்டுபோனேன். ‘வெச்சுட்டுப் போம்மா’ என்றார். குரல் குழறியது போல இருந்தது. தூக்கக் கலக்கமோ என்னவோ என்று டார்ச்சை அவர் முகத்துக்குப் பக்கத்தில், கண் கூசாமல் சுவரில் அடித்துப் பார்த்தேன். பால் மாதிரி வெளிச்சம். வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருந்தது. ‘மாமா, ரெண்டு கையையும் தூக்குங்க’ என்றேன். இடது கை ஏறியது, வலது கை பாதியில் விழுந்தது. பி.பி. மெஷினைக் கட்டினேன், நூற்றித் தொண்ணூறைத் தாண்டியது.

முகம் கோணுவது, கை விழுவது, பேச்சு குழறுவது. இந்த மூன்றில் ஒன்று திடீரென்று தெரிந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம் என்று நினைத்து ஓட வேண்டும். ரத்தக்குழாய் அடைப்பால் வருகிற பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியை ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். நாங்கள் ஓடினோம். இவரும் தெருப் பையன்கள் மூன்று பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமாவை உட்காரவைத்துத் தூக்கினார்கள். மகள் முன்னால் ஒரு டார்ச்சோடு, நான் பின்னால் இன்னொன்றோடு. தண்ணீருக்கு அடியில் வாய்க்கால் மூடி எங்கே திறந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாத இருட்டு. வெளிச்சம் பிடித்துப் பிடித்து மெயின் ரோடு வரை போனோம். அங்கே ஒரு வேன்காரர் பணம் பேசாமல் ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே, ‘எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?’ என்பதுதான். சொல்ல முடிந்தது.

பேட்டரிதான் மாமாவைக் காப்பாற்றியது என்று சொன்னால் அந்தப் பையன்களுக்கும் வேன்காரருக்கும் டாக்டருக்கும் துரோகம். ஆனால், நான் அந்த முகத்தைப் பார்த்தது நல்ல வெளிச்சத்தில். ஆரஞ்சுப் பழப் புள்ளி வெளிச்சமாக இருந்திருந்தால் பெரியவர் தூங்குகிறார் என்று கதவைச் சாத்திவிட்டு வந்திருப்பேன். விடிந்துதான் தெரிந்திருக்கும்.

மாமா பிழைத்தார். பேச்சு திரும்பிவிட்டது. வலது கைக்கு மட்டும் முழுத் தெம்பு வரவில்லை. பேனா பிடித்தால் எழுத்து கோணுகிறது.

கடைசியாக ஒன்று. ரீசார்ஜ் செல்லும் ஒருநாள் சாகும். நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றியபின், எவ்வளவு நேரம் போட்டாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்படிப் போனதை வீட்டுக் குப்பையில் போட்டால் அது நேராகக் குரும்பாபேட்டைக் கிடங்குக்குப் போகும். நம் நிலத்தடித் தண்ணீர் அதற்குக் கீழேதான் இருக்கிறது. பழைய நிக்கல்-காட்மியம் வகையாக இருந்தால் காட்மியம் கடுமையான விஷம். அட்டையில் குப்பைத்தொட்டியின் மேல் குறுக்குக்கோடு போட்ட படம் இருக்கும், குப்பையில் போடாதே என்பதுதான் அதன் அர்த்தம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. சட்டம் அப்படி இருக்க, நான் பழைய செல்லைக் கொண்டுபோய்க் கொடுத்த கடையில், ‘இதுக்கா வந்தீங்க, அந்தக் கூடையில போடுங்கம்மா’ என்றார்கள். கூடை சாதாரணக் குப்பைக்கூடை. திரும்ப எடுத்துவந்துவிட்டேன். இப்போது முனைகளில் செல்லோடேப் ஒட்டி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்க்கிறோம். மின்னணுக் கழிவு வாங்க ஆள் வருகிற அன்று மொத்தமாகக் கொடுக்கிறோம். கடைக்காரர்களிடம் நாலு பேர் தொடர்ந்து கேட்டால் பெட்டி தானாக வரும் என்பது என் நம்பிக்கை. போன், பவர் பேங்கில் இருக்கும் லித்தியம் பேட்டரி உப்பிக்கொண்டால் அதைப் பாட்டிலில் சேர்த்துவைக்கக் கூடாது. குத்தாமல், அழுத்தாமல் உடனே சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்துவிட வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பெருமையான செய்தி ஒன்றையும் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். பேட்டரி ஆராய்ச்சிக்கு நாட்டிலேயே பெயர்போன மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்தார். ‘அந்தக் காலத்துப் பதினஞ்சு லட்சம்மா!’ என்று மாமா அதிலேயே நின்றுவிட்டார்.

நாத்தனார் தந்த முதல் நான்கு செல்களில் மூன்று போய்விட்டன. ஒவ்வொன்றுக்கும் நேராக நோட்டில் ‘பணி ஓய்வு’ என்று மாமா எழுதியிருக்கிறார். ஒன்றுக்குப் பக்கத்தில், ‘ஒன்பது வருஷம், ஒரு நாள் லீவு இல்லை’ என்று கூடுதல் குறிப்பு.

இப்போது நோட்டு எழுதுவது பிளஸ் டூ படிக்கிற எங்கள் மகள். மாமா சாய்வு நாற்காலியில் இருந்தபடி சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். போன ஐப்பசியில் அவள் எழுதிய வரியைப் பார்த்தேன். ‘9 முதல் 16 வரை, எட்டும் ஃபுல். டார்ச் இரண்டும் சரி. தாத்தா ஒருமுறை, நான் ஒருமுறை செக் செய்தோம்.’ அதற்குக் கீழே கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. இடது கையால் போட்டிருக்கிறார்.